நைசு நகரத்தில் என் கார்சோன்

1

இங்கே ஆடி மாதம் என்றால் குளிர். உங்களுக்கு அங்கே காற்றடிக்கும் மாதம். எங்களுக்கு மொரீசின் தென்கரையில், இந்தச் சுரினாம் கிராமத்தில், கடலிலிருந்து ஏறி வரும் ஈரக்காற்று முழங்காலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் மாதம். விடிவதற்கு முன்னால் கரும்பு வெட்டப் போகிறவர்கள் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. கடலூர்ப் பக்கம் பிறந்தேன் என்று சொல்வார்கள். கைக்குழந்தையாகக் கப்பலேறினேன். உங்கள் ஊரின் மண்ணும் தண்ணீரும் எனக்கு நினைவிருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஊர் இந்த மொரீசுத் தீவுதான். என் அப்பா தோட்டத்துத் துரையிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் சொந்த நிலக்காரர்கள் ஆனோம். நிலம் என்றால் நிலம் இல்லை, கல். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் மதிலாக அடுக்கி, நடுவில் கிடைத்த மண்ணில் கரும்பு நட்டோம். அவர் போன பிறகும் நான் அந்த நிலத்தை விடவில்லை. யாரிடமும் கை நீட்டவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

எழுத்து மட்டும் எனக்கு வசமானதில்லை. தலை நரைத்த பிறகு, கோயிலில் பாட்டுப் புத்தகம் படிக்க ஆசைப்பட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டது. கரும்புக்கட்டைத் தூக்கிவிடுவேன், 'ழ' போடுவதற்குள் வேர்த்துவிடும். கோயில் வாத்தியார்தான் சொன்னார், உங்கள் பத்திரிகை கப்பலில் வருகிறதே, அதில் கடல் கடந்த நம் சனங்களின் அனுபவம் கேட்கிறார்கள், நீங்கள் சீமைக்கே போய் வந்தவர், எழுதுங்கள் என்று. நான் எழுதுவேன், அவர் பிழை திருத்திப் படியெடுப்பார் என்று பேச்சு. "சுருக்கமா எழுதுங்கம்மா" என்றார். அது என்னால் முடியாது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் பத்திரிகையை உரக்கப் படித்து முடித்ததும், பக்கத்து வீட்டு மங்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "சின்னம்மா, நீதான் ரத்தினத்தைக் கூட்டியாரப் போறேன்னு சொல்லிட்டுப் போனே. தனியா வந்துட்டே. அங்க அவனுக்கு என்னதான் உத்தியோகம்?"

ரத்தினம் என் ஒரே மகன். இந்த நிலத்துக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. அவனை அழைத்து வரத்தான் போனேன், அதுவும் உண்மை. மங்காவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. காது கேட்காதவள் மாதிரி எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

2

ரத்தினம் கப்பலில் சமையல் உதவியாளாகப் போனவன். பிரான்சு தேசத்து மர்சேய் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நைசு என்ற நகரத்துக்குப் போய், ஒரு பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஊரில் யார் கேட்டாலும், "பெரிய ஓட்டல்ல பெரிய வேலை" என்று சொல்வேன். நானே சொல்லிச் சொல்லி, அந்த வேலைக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, அவனை அதில் உட்காரவும் வைத்துவிட்டேன்.

பழைய கப்பல் கூட்டாளி ஒருவன் மூலமாக அவன் சொல்லியனுப்பினான்: அம்மாவை ஒரு தடவை வரச்சொல், லேத்தேயில் வரச்சொல், அப்போதுதான் எனக்கு ஓய்வு.

லேத்தே என்றால் நாங்கள் பேசும் கிரெயோல் பாஷையில் வெயில் காலம். இங்கே வெயில் காலம் எது? கார்த்திகையில் தொடங்கி மாசி தாண்டும் வரைக்கும். மாம்பழமும் லிச்சியும் கொட்டும் காலம். ஆலைக்குக் கரும்பு போய் முடிந்து, கையும் சும்மா இருக்கும். அதனால் கரும்பை முடித்துவிட்டு மார்கழியில் கப்பலேறினேன். புயல் மாதங்களில் வீட்டை மங்கா கையில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று ஒரு குத்தல். பிள்ளையைக் கூட்டி வரத்தானே போகிறோம் என்று அதை அடக்கிக்கொண்டேன். பெட்டியில் மெல்லிய புடவைகளாகப் பார்த்து வைத்தேன். ஒரு பட்டும் வைத்தேன்.

மர்சேயில் இறங்கும்போது வாயைத் திறந்தால் புகை வந்தது. என் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே நின்ற ரத்தினம் ஓடிவந்தான். வந்தவன் காலில் விழுவான் என்று பார்த்தால் தன் தலையில் கை வைத்தான்.

"அம்மா! லேத்தேல வான்னுதானே சொல்லி அனுப்பினேன்!"

"இது லேத்தே இல்லாம வேற என்னடா? ஊர்ல வெயில்ல நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

"ஐயோ அம்மா, இங்க இது லிவேர்! பனிக்காலம்! உலகம் அந்தப் பக்கம் வேற, இந்தப் பக்கம் வேறம்மா."

"அதை நீ முன்னாடியே சொல்றதுக்கென்ன? உலகத்தைத் திருப்பி வச்சது எனக்கு எப்படித் தெரியும்?"

மூட்டை தூக்க வந்தவன்கூடச் சிரித்தான். பாஷை புரிந்தா சிரித்தான், என் புடவை காற்றில் படபடத்ததைப் பார்த்துச் சிரித்தான். ரத்தினம் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டான். ஆனால் அவன் முகம் முழுசாகச் சிரிக்கவில்லை. ஓட்டல் நிறைந்திருக்கும் மாதங்கள் இவை, வெயில் காலத்தில் ஓட்டலையே மூடிவிடுவார்கள், அப்போது வந்திருந்தால் நாள் முழுக்க உன்னோடு இருந்திருப்பேன் என்று ரயிலில் சொன்னான். அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஓட்டல் மூடியிருக்கும்போது நான் வந்திருந்தால், அவன் அங்கே என்ன செய்கிறான் என்று நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

3

நைசைச் சூடான ஊர் என்கிறார்கள். வடக்கே இருக்கும் இங்கிலீஷ்காரர்களும் ருஷ்யாக்காரர்களும் பனிக்குப் பயந்து இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கடலோரம் நீளமாக ஒரு நடைபாதை, ஓரத்தில் ஈச்ச மரம் மாதிரி மரங்கள். வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் நாற்காலி போட்டு, மடியில் கம்பளி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். வற்றல் காயப் போட்ட மாதிரி வரிசையாக. அந்த வெயில் எனக்கு நிலா மாதிரி இருந்தது. அவர்கள் "ஆகா, என்ன சூடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள, நான் மகன் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நடந்தேன்.

அழகான ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். தெருவிலேயே ஆரஞ்சு மரம், இலைக்கு இலை பழம். பறிப்பார் இல்லை. இவ்வளவு பழத்தைப் பறிக்காத சோம்பேறிகளா என்று ஒன்றை எட்டிப் பறித்து உரித்து வாயில் போட்டேன். வேப்பங்காய் தோற்றுவிடும். கடற்கரையில் மணல் கிடையாது, உருண்டைக் கல். பழைய ஊருக்குள் ஒரு கிழவி பெரிய செப்புத் தட்டில் கடலைமாவைக் கரைத்து ஊற்றி, விறகடுப்பில் வேகவைத்து, மிளகு தூவிக் கிழித்துக் கொடுப்பாள். நம் தோசைக்குச் சித்தி மகள் மாதிரி. தைப்பூச விரதம் இருந்த நாட்களில் அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

மகன் வீடு அந்தப் பழைய ஊருக்குள், படி ஏறி ஏறி மூச்சு வாங்கிப் போகவேண்டிய மேல்மாடி. மருமகள் தெரேஸ் ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நல்ல பெண். என்னை "மமா" என்பாள். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடாது. அவள் பேசுவது பிரெஞ்சு. நான் பேசுவதையும் பிரெஞ்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மொரீசில் அப்படித்தான் நினைப்போம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, நாங்கள் வைத்திருப்பது அவர்கள் சொல், பொருள் எங்களுடையது. பேத்தி ரோஸைக் கட்டிக்கொண்டு "மோ கோந்தான் துவா" என்றேன். எங்கள் பாஷையில், நீ என்றால் எனக்கு உயிர். அந்தக் குழந்தைக்கு, 'நான் திருப்தி, நீ' என்று பாதியில் நின்றுபோன மாதிரி கேட்டதாம். "அப்புறம் என்ன, மேமே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. மேமே என்றால் பாட்டி. ஒரு தமிழ்ச் சொல் அதன் வாயில் கிடையாது.

ரத்தினம் இருட்டோடு போய், குழந்தை தூங்கின பிறகு வருவான். வந்துவிடுடா என்று சொல்ல நான் எத்தனையோ விதமாக வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். ஓட்டலைப் பார்க்க வருகிறேன் என்றால், "அது பெரிய இடம்மா, வீட்டு ஆளுங்க வரக்கூடாது" என்பான். பெரிய வேலைக்காரனுக்கு அப்படித்தான் கட்டுப்பாடு இருக்கும் என்று நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலை நான் குளித்து விபூதி பூசிக்கொண்டிருந்தேன். ரோஸ் பக்கத்தில் வந்து என் நெற்றியை உற்றுப் பார்த்தது. பார்த்துவிட்டு, தன் நெற்றியில் விரலால் கோடிழுத்துக் காட்டி, "பப்பாவும் போடுவாரே! ஓட்டலுக்குப் போனதும் போடுவார். மமா பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்" என்றது. தெரேஸ் ஏதோ சொல்லி அதை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயில் இல்லாத ஊரில், சிலுவை மாட்டின வீட்டில், என் பிள்ளை தினமும் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வேலை பார்க்கிறான்! அந்த நிமிஷமே முடிவு செய்தேன். தைப்பூசத்தன்று நம் சுரினாம் கோயில் விபூதியை என் கையால் அவன் நெற்றியில் இடவேண்டும். அவன் வரக்கூடாது என்றால் என்ன, நான் அவனைப் பெற்றவள்.

4

தைப்பூசத்தன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், பட்டுப்புடவையைக் கட்டினேன். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, கழுத்தில் என்னிடம் இருந்த நகையெல்லாம். கோட்டைப் போட்டால் பட்டு மறைந்துவிடும் என்று அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நான் அப்படிப்பட்டவள். விபூதிப் பொட்டலம் மடியில்.

ஓட்டல் வாசலில் பொத்தான் போட்ட நீலக் கோட்டுக்காரன் நின்றான். நிமிர்ந்து நின்று சொன்னேன்: "மோ பே ரோதே மோ கார்சோன்."

மொரீசில் எந்தக் குழந்தைக்கும் இதன் பொருள் தெரியும். என் மகனைத் தேடுகிறேன். ஆனால் அங்கே 'ரோதே' என்றால் பதுங்கித் திரிவது. 'கார்சோன்' என்றால், மகன் இல்லை, பந்தியில் பரிமாறுகிறவன். என் பரிமாறுகிறவனைச் சுற்றித் திரிகிறேன் என்று நான் சொன்னதாக அவனுக்குக் கேட்டது. அந்த வருஷம் இந்திய ராஜ குடும்பத்துக்காரர்கள் சிலர் ஊரில் தங்கியிருந்தார்களாம். என் பட்டையும் மூக்குத்தியையும் பார்த்தான். இடுப்பு வரைக்கும் குனிந்து கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே சூடு. சுவரோரம் இரும்புக் குழாய் வைத்து, அதற்குள் ஆவி ஓடவிட்டு, அந்தப் பெரிய கூடத்தையே வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து என் உடம்பு முதன்முதலாக இளகியது. மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டி என்னைப் பார்த்து, தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டுத் தலை சாய்த்தாள். அவள் கூட இருந்த கிழவர் எழுந்து நின்றார். எனக்காக.

துரை வீட்டு வாசலில் வெயிலில் நின்று, உள்ளே கூப்பிடும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவர்களின் மகள் நான். நிலம் வாங்கின பிறகும், வழியில் துரை வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கிறவள். எனக்காக எந்த வெள்ளைக்காரனும் எழுந்து நின்றதில்லை.

நீலக் கோட்டுக்காரன் கையைத் தட்டி, "கார்சோன்!" என்றான்.

வந்தது ரத்தினம். இறகு வைத்த தலைப்பாகை, சிவப்புப் பட்டுக் கச்சை, கூர்மூக்குச் செருப்பு, கையில் காப்பித் தட்டு. நெற்றியில் மூன்று பட்டை. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கிட்டே வந்ததும் வாசனை அடித்தது. முகப்பவுடர். நடுவில் உதட்டுச் சாயத்தில் ஒரு பொட்டு. இந்திய அரண்மனைப் பணியாள் என்று வேஷம் கட்டி, என் மகனை அந்த வெள்ளைக்காரர்களுக்குக் காப்பி ஊற்ற வைத்திருந்தார்கள். தட்டில் இருந்த கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

வாசலில் நான் சொன்னது ஏதோ மானேஜர் காதுக்குப் போயிருக்க வேண்டும். கடிகாரச் சங்கிலி போட்ட ஒல்லி மனிதர் வந்து, என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

"மன்னிக்கணும், மதாம். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. இரண்டு பாஷையிலும் அது ஒன்றுதான்.

ரத்தினம் என்னைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. மதாம் என்று சொல்ல வேண்டுமானால் உதடு முதலில் மூடிக்கொள்ளும். அவன் உதடு மூடவில்லை, திறந்தது. என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதை அவன் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"நோன்" என்றேன். இல்லை.

மானேஜர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ரத்தினம் உதட்டை மூடி, "மதாம்" என்று சொல்லிக் காப்பியை ஊற்றினான். சீமாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். பால் ஊற்றின அந்தக் காப்பியை, விரதத்தை விட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். விபூதி மடியிலேயே இருந்தது.

5

அன்று அவன் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"தெரேஸ், கேட்டியா? இன்னிக்கு எங்கம்மா என் வேலையைக் காப்பாத்திட்டாங்க!"

அவளுக்குப் பிரெஞ்சிலும் எனக்குத் தமிழிலுமாகக் கதையைச் சொன்னான். போன மாதம் சமையல்கட்டில் வேலை பார்த்த ஒரு இத்தாலிக்காரனைத் தேடி அவன் தாய் முன்வாசல் வழியாக வந்துவிட்டாளாம். அன்றைக்கே அவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்களாம். "அம்மா மட்டும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாளைக்கு நான் தெருவுல. என்ன புத்தி பாத்தியா! ராணி மாதிரி ஒக்காந்து, கண்ணைக்கூடச் சிமிட்டல!"

தெரேஸ் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த இத்தாலிக்காரன் கதை எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதா" என்றேன். இது இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு மரியாதை வந்தது. கீழ்வீட்டு முடிதிருத்துகிறவரிடம் சொன்னான், ரொட்டிக் கடையில் சொன்னான். கடலைமாவுத் தோசைக் கிழவி, தன் நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டி, மூளைக்காரி என்று சைகை செய்து, இன்னொரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தின்றும் தீர்த்தேன்.

மலைப்பக்கத்திலிருந்து மஞ்சள் மஞ்சளாக மிமோசா என்ற பூவைக் கட்டுக்கட்டாக வண்டியில் கொண்டுவந்து விற்கும் காலம் வந்தது. ஊரே மணந்தது. நானும் வெயில் காய்கிறவர்களின் வரிசையில் ஓரமாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். ரோஸ் கல் பொறுக்கி விளையாடும். அங்கே உட்கார்ந்து நான் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவன் வேலை போயிருக்கும். வேலை போயிருந்தால், வேறு வழியில்லாமல் என்னோடு ஊருக்கு வந்திருப்பான். எதற்காகக் கடல் தாண்டிப் போனேனோ அது நடந்திருக்கும். சே, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று அதையும் தள்ளுவேன். ஈ மாதிரி திரும்பவும் வந்து உட்காரும்.

வந்துவிடுடா என்று கட்டி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது வாயில் நிற்கவில்லை. ஊரார் முன்னால் தெரியாது என்று நானே சொன்ன பிள்ளையை, எந்த வாயால் என் நிலத்துக்கு வா என்று கூப்பிடுவது?

6

கப்பலேற்ற மர்சேய்க்கு அவன் மட்டும் வந்தான். கப்பலில் ஏற இன்னும் நேரம் இருந்தது. என் பெட்டி மேல் இருவரும் உட்கார்ந்தோம். அவன் எனக்கு ரொட்டி கிழித்துக் கொடுத்தான். நான் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ரத்தினம், அன்னிக்கு ஓட்டல்ல நான் சொன்னது உனக்காக இல்லடா."

அவன் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுதானே நின்னேன். அந்தக் கெழவர் எழுந்து நின்னதும் உன் முதுகு நிமிர்ந்துச்சு. நான் வந்ததும் சாஞ்சுபோச்சு."

கப்பலுக்கு ஆட்டுக்கடாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவை கத்திக்கொண்டிருந்தன.

"பின்ன எதுக்குடா ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே? எங்கம்மா காப்பாத்தினா, காப்பாத்தினான்னு?"

"பின்ன எப்படிச் சொல்றது? தெரேஸ் என்ன நெனைப்பா? ரோஸ் என்ன நெனைக்கும்? அதுக்கு நீ ஒரு பாட்டிதான் இருக்கே."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுகை வரவில்லை, வாக்கியம்தான் வந்தது. கட்டி வைத்ததெல்லாம் எங்கேயோ போய், மொட்டையாக வந்தது. "வந்துடுடா. எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு. நெலம் இருக்கு."

அவன் உடனே முடியாது என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வந்தா, ஊர்ல என்னை என்னன்னு சொல்லுவே? இத்தனை நாளா என்ன சொல்லி வச்சிருக்கே?"

"பெரிய ஓட்டல்ல பெரிய வேலைன்னு."

சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு, அவன் அப்பா சிரிப்பு.

"அப்ப அந்தப் பெரிய வேலைக்காரன் கரும்பு வெட்ட எதுக்கு வந்தான்னு கேப்பாங்களே. நீ என்ன சொல்லுவே? நான் என்ன சொல்லட்டும்? அங்க வந்து இன்னொரு தலைப்பா கட்டச் சொல்றியா? எனக்கு இங்க இருக்கிறதே போதும்மா. இதையாவது வீட்டுக்கு வந்தா கழட்டி வச்சிடலாம்."

கப்பல் ஊதியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, படிக்கட்டில் ஏற்றிவிட்டு, எல்லாரும் பார்க்க என் காலைத் தொட்டான். வேலைக்கான குனிவு எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருந்தேன். இது அது இல்லை. அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமலேயே கப்பல் நகர்ந்தது.

7

வந்து சேர்ந்தபோது புயல் காலம் முடிந்திருந்தது. கூரை பத்திரம். மங்கா கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு சோப்புக்கட்டி கொடுத்தேன். ரத்தினம் எங்கே என்று அன்றைக்கே கேட்டாள். வருவான் என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டியதை ஆடி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வெள்ளிக்கிழமை கோயிலை விட்டு எழுந்து வந்தேனே, அன்றைக்கும் தள்ளினேன்.

மேலே எழுதியதை வாத்தியார் எடுத்துப் போய்ப் படியெடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். காப்பி ஊற்றுகிற இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

"வாத்தியாரே, இது என்ன எழுதியிருக்கு?"

"'மாபெரும் உணவு விடுதியில் உயர் பதவி வகிக்கிறார்' அப்படின்னு…"

"நான் அப்படி எழுதலையே."

"இல்லம்மா, அச்சுல வர்றது. கடல் தாண்டிப் போகுது, திரும்பி நம்ம கோயிலுக்கே வருது. நாலு பேரு கேக்கற எடம். உங்க மரியாதைக்குத்தான். அந்தக் காப்பி, அந்த நோன், அதெல்லாம்கூட…"

"அதெல்லாம்கூட?"

"எடுத்துட்டா நல்லா இருக்கும். மீதி எல்லாம் ரொம்ப அருமையா இருக்கும்மா. ஆரஞ்சு மரம், கடற்கரை…"

"ஆரஞ்சுப் பழம் கசக்கும் வாத்தியாரே. அடிங்க அதை. நான் எழுதினதையே எழுதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெரிய மனிதர், என்னைவிட நல்லவர். பேனாவை வாங்கி நானே அடித்தேன். மை சிந்தி அடுத்த வரியும் போய்விட்டது. அவர் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஆகவே மங்காவுக்கும், சுரினாமில் இருப்பவர்களுக்கும், கடலூர்ப் பக்கம் என்னைப் பார்த்தறியாத என் சனங்களுக்கும் சொல்வது: என் மகன் ரத்தினம் நைசு நகரத்தில் ஒரு ஓட்டலில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்குக் காப்பி பரிமாறுகிறான். கரும்பு வெட்டவும் தெரிந்தவன். அவனுக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். வந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். என்னன்னு சொல்லுவே என்று அவன் கேட்டானே, இதைத்தான் சொல்வேன்.

இது அச்சாகி, கப்பலேறி இங்கே திரும்பி வர மாதங்கள் ஆகும். வந்த வெள்ளிக்கிழமை, ஒரு வரி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.